தொட்டில் மாட்டிய கொக்கி

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் தொட்டில் கட்டக் கொக்கி கிடையாது. தண்ணீர் வருமா, கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று ஆயிரம் கேள்வி கேட்டு வீடு பிடித்த என் வீட்டுக்காரர் இதை மட்டும் பார்க்கவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமான புதிதில் அண்ணாந்து பார்த்தா வீடு பிடிப்பார்கள்?

தலைப்பிரசவத்துக்குச் சாத்தூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, ஐந்து மாதப் பெண் பிள்ளையோடு திரும்பி வந்தபோதுதான் இந்தக் குறை தெரிந்தது. அங்கே உத்திரத்தில் சேலையைக் கட்டி ஆட்டி ஆட்டி வளர்த்த பிள்ளை. பாயில் போட்டால் முள் குத்தினதுபோல் வீறிடும். மடியில் போட்டுக்கொண்டால் நான் அசையக் கூடாது. வந்த வாரமே எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அம்மா போனில், "தொட்டில் இல்லாம எப்படிடி பிள்ள வளப்ப? அவர்ட்டச் சொல்லி ஒரு கொக்கிய அடிக்கச் சொல்லு" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். என் தலைக்கு மேலே இருந்தது காங்கிரீட் தளம்.

அந்த வீடு முதலில் ஒரே வீடாகக் கட்டினது. சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிற கூட்டம் கூடக்கூட, ஓனர் நடுக்கதவைப் பெயர்த்துவிட்டு ஹாலோ பிளாக் வைத்து அடைத்து இரண்டு வீடாக்கிவிட்டார். முன்பக்கம் ஒரு குடும்பம், பின்பக்கம் நாங்கள். எங்களுக்குத் தனி மீட்டர், தனி மெயின். அப்போது ஓசூரில் பாதி வீடுகள் இப்படித்தான் இருந்தன, அதனால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

முன்வீட்டு அக்கா கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அவர் வீட்டுக்காரர் விடியுமுன்பே காய்கறி மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். என் வீட்டுக்காரருக்கும் அந்த மாதம் முழுக்க முதல் ஷிப்ட். ஆக, காலை வேளையில் அந்த மொத்தக் கட்டடத்திலும் நாங்கள் இரண்டு பெண்களும் என் பிள்ளையும்தான். "தூளி கட்டம்மா, மகு நல்லா தூங்கும்" என்று அக்காவும் தினம் சொன்னார். இந்தப் பக்கம் தொட்டிலுக்குத் தூளி என்றுதான் பெயர்; மகு என்றால் பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கம்பெனி நண்பரிடம் டிரில் மிஷின் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குக் கரண்ட் என்றாலே உள்ளங்கால் வியர்க்கும். சின்னப் பிள்ளையில் ஈரக் கையோடு மிக்சியைத் தொட்டு அது என்னைத் தூக்கி எறிந்ததிலிருந்து, சுவிட்சைக்கூட விரல் நுனியால்தான் போடுவேன். "ஏங்க, மேல ஒயர் கியர் போகுதான்னு தெரியாம ஓட்ட போடாதீங்க" என்றேன்.

"நான் என்ன கேனயனா?" என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் ஒன்றும் எலக்ட்ரீசியன் இல்லை. சி.என்.சி. மிஷினில் பல்சக்கரம் கடைகிறவர். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் செய்ய மாட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஸ்டூலில் ஏறி நின்று ஸ்குரூ டிரைவர் பிடியால் தளத்தை டொக் டொக்கென்று தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஃபேனிலிருந்து சுவிட்ச் பெட்டிக்கு ஒரு நூலைப் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டார். ட்யூப்லைட்டுக்கு இன்னொரு கோடு. "இங்க பாரு, உள்ள பைப்பு போறது இவ்வளவுதான். இந்த ரெண்டு கோட்டையும் விட்டு ரெண்டு முழம் தள்ளித்தான் ஓட்ட போடுறேன். மெயினயும் ஆஃப் பண்ணியாச்சு. போதுமா?"

மெயினை ஆஃப் பண்ணிவிட்டால் டிரில் எப்படி ஓடும்? முன்வீட்டு அக்காவிடம் கேட்டு, அவர்கள் பிளக்கிலிருந்து நீள ஒயர் இழுத்து ஓட்டினார். எவ்வளவு கவனமான மனுஷர் பாருங்கள். எங்கள் வீட்டு கரண்டு எங்கெங்கே போகிறது என்று கோடு போட்டுப் பார்த்தார். எங்கள் தலைக்கு மேலே அடுத்த வீட்டுக் கரண்டு போகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, டிரில்லுக்கு ஒயர் கொடுத்த அக்காவுக்கும் தோன்றவில்லை.

கொக்கி கிண்ணென்று உட்கார்ந்தது. அவரே தொங்கிப் பார்த்தார். பீரோவுக்குப் பக்கத்தில், ஃபேன் காற்று படுகிற மாதிரி இடம். சங்கிலி, அதில் ஸ்பிரிங், அதில் என் நூல் சேலை. பிள்ளையைப் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினதும் கண்ணை மூடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு நான் கால் நீட்டி உட்கார்ந்து, சூடு ஆறாமல் ஒரு காப்பி குடித்தேன்.

அடுத்த வாரம் சாரல் பிடித்துக்கொண்டது. ஓசூர்ச் சாரல் தெரியுமல்லவா? பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது. துணி காயாது. பிள்ளை நனைத்த சேலையை அலசிப்போட்டு, மாற்றுச் சேலை என்று அரை ஈரத்தில் கிடப்பதை எடுத்துக் கட்டுவேன். ஒரு காலையில் வீட்டைத் துடைத்துவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு போய்த் தொட்டிலைப் பிடித்தேன். விரலிலிருந்து முழங்கை வரைக்கும் ஜிவ்வென்று ஏதோ ஓடியது.

கையை உதறிக்கொண்டு நின்றேன். பிள்ளை அசையாமல் தூங்கியது. மறுபடி தொட்டேன், ஒன்றுமில்லை. பிரமை என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மறுபடியும் அதே ஜிவ்வு. இந்தத் தடவை ஸ்பிரிங்கில்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். பாவம், அலுப்போடு வந்தவர், டெஸ்டரை எடுத்துக் கொக்கி, சங்கிலி, ஸ்பிரிங் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. "பாத்தியா? கரண்ட் இருந்தா சிவப்பா எரியும். இதுல ஒண்ணுமில்ல." நானும் தொட்டேன். ஒன்றுமில்லைதான்.

அம்மாவிடம் சொன்னேன். "பச்ச உடம்புடி. நரம்பெல்லாம் தளந்திருக்கும். பூண்டு நெறையச் சேத்துக்கோ." முன்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் குளித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பூஜை முடித்த கையோடு வந்து தொட்டிலைப் பிடித்து ஆட்டியே பார்த்தார். "ஏனில்லம்மா, சும்னே பயப்படாதே" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். ஆளாளுக்கு எனக்கு வைத்தியம் சொன்னார்களே தவிர, தொட்டிலுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. பிள்ளை பெற்ற பிறகு சிலருக்குப் புத்தி பேதலிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் தெருவில்கூட ஒருத்தி அப்படி இருந்தாள், பிள்ளையை அவளிடம் தர மாட்டார்கள். நானும் அப்படி ஆகிவிட்டேனோ என்று பயம். இல்லை, நிஜமாகவே தொட்டிலில் கரண்ட் இருந்து பிள்ளையை ஒரு நாள் அடித்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். எந்தப் பயம் உண்மையானாலும் நான் தொலைந்தேன். தொட்டிலை அவிழ்த்துவிடலாம் என்றால், பிள்ளை தரையில் தூங்காது. ஒரு நாள் முழுக்க மடியிலேயே வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வந்தவர், சோறு பொங்காத அடுப்பையும் அழுகிற எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அவரே பிள்ளையைத் தூக்கித் தொட்டிலில் போட்டு ஆட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்கப்புறம் டெஸ்டரை இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். சாவிக்கொத்து மாதிரி. அவர் பார்க்காதபோதெல்லாம் ஸ்பிரிங்கில் வைத்துப் பார்ப்பேன். மத்தியானம் எரியாது. சாயங்காலம் எரியாது. காலையில் வேலை நெருக்கத்தில் வைத்துப் பார்க்க மறந்துபோவேன், ஜிவ்வென்று வாங்கிக்கொண்ட பிறகு எடுத்து வைத்தால் அதற்குள் எரியாது. என்னை வைத்து விளையாடுகிறதா என்று கூரையைப் பார்த்து வைதிருக்கிறேன். வாய்க்கு வந்ததெல்லாம் வைதிருக்கிறேன்.

அந்தக் காலையும் சாரல். அவர் போய்விட்டார். பிள்ளை தொட்டிலில் தூங்கியது, சேலை அரை ஈரம். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் முன்வீட்டுக் குளியலறை; வீட்டைப் பிரித்தபோது ஓரமாக ஒரு நடை விட்டு ஓனர் அதை அவர்களுக்குக் கொடுத்திருந்தார். அக்கா வாளியை நகர்த்துவதும் குழாயைத் திறப்பதும் கேட்டது. அன்றைக்காவது மறக்கக் கூடாது என்று, நான் துடைப்பதை அப்படியே போட்டுவிட்டு டெஸ்டரை எடுத்து ஸ்பிரிங்கில் வைத்தேன்.

எரிந்தது. சிவப்பாக, குன்றிமணி அளவுக்கு.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சந்தோஷம்தான். எனக்குப் புத்தி கெடவில்லை! அடுத்த மூச்சில்தான் பிள்ளை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எங்கள் மெயினை ஆஃப் பண்ணினேன். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது. திரும்பி வந்து டெஸ்டரை வைத்தேன்.

அப்போதும் எரிந்தது.

வீட்டில் கரண்டே இல்லை, கொக்கியில் கரண்ட் இருக்கிறது. இது யார் வீட்டுக் கரண்ட்? பேய் பிசாசு என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். ஃபேன் காற்று நின்றதும் பிள்ளை முழித்துக்கொண்டது. ஈரத் துணி, புழுக்கம், கொசு. சிணுங்கி, காலை உதைத்து, வீறிட ஆரம்பித்தது. என் கை தானாகப் போனது. போன கையை நானே இன்னொரு கையால் பிடித்து இழுத்தேன்.

தூக்கினால் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. நான் நின்றது ஈரத் தரை. பிள்ளை கிடந்தது ஈரச் சேலை. இத்தனை நாள் என்னை மட்டும்தான் தொட்டது, இன்றைக்கு என் வழியாக அவளைத் தொடுமா, அவள் வழியாக என்னைத் தொடுமா? மெயினை ஆஃப் பண்ணியும் போகாத கரண்டை யார் நம்புவது?

வெளியே ஓடினேன். முன்வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள். சந்துக்குள் ஓடிக் குளியலறை ஜன்னலைத் தட்டினேன். "அக்கா! உங்க மெயின ஆஃப் பண்ணுங்க! தொட்டில்ல கரண்ட்! அக்கா!" உள்ளே தண்ணீர் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது. "ஏனம்மா? ஏனாயித்து?" என்று சோப்புக் குரல். "மெயின்! மெயின்!" என்று கத்தினேன். "பந்தே, பந்தே, இரு" என்றார். வருகிறாராம். துடைத்து, உடுத்தி, எப்போது வருவது?

பிள்ளையின் குரல் மாறிவிட்டது. மூச்சுப் பிடித்துப் பிடித்து அழுகிற அழுகை. திரும்பி ஓடினேன். உதைத்த உதையில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சேலை ஒதுங்கி ஒரு குட்டிக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரும்பு பீரோ, ஈரத் தரையில் நிற்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தக் கால் பீரோவை நோக்கிப் போகிறது, திரும்புகிறது. நாலு விரல்கடை இடைவெளி இருக்கும்.

பெற்ற பிள்ளையைத் தொடப் பயந்து நின்றேன். தாயே, மாரியாத்தா, என்று வாய் சொல்கிறது, கால் நகரவில்லை. பாழாய்ப்போன கொக்கி, பாழாய்ப்போன ஓசூர், என்னை இங்கே கட்டிக்கொடுத்த அப்பா எல்லாரையும் மனசுக்குள் வைதேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் எப்போதோ சொன்னது நினைவில் தட்டியது. கம்பெனியில் பேனல் போர்டுக்கு முன்னால் ரப்பர் விரிப்பு போட்டிருப்பார்களாம், அதில் நின்றால் அடிக்காதாம். ரப்பருக்கு எங்கே போவேன்? பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது.

நாற்காலியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளினேன். சாரலில் நனைந்த காலைக் காய்ந்த போர்வையில் துடைத்தேன். அந்தப் போர்வையையே கையில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். நாற்காலி ஆடியது, இல்லை, நான்தான் ஆடினேன். என்னை அடித்தாலும் பிள்ளையை விட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, போர்வையோடு அவளை வாரி எடுத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளை என் தோளில் விழுந்து விக்கியது. எனக்கு இறங்கத் தைரியமில்லை. நாற்காலிமேலேயே நின்றேன். ஈரத் தலையோடு, சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு அக்கா ஓடிவந்தார். "ஏனாயித்து, ஏன் மேலே நிந்தியா?" என்று கேட்டபடி தொட்டிலை ஒதுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

மெல்ல இறங்கி, பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, டெஸ்டரை வைத்துக் காட்டினேன். குன்றிமணி எரிந்தது. அக்காவின் முகம் செத்துப்போனது. "நம்ம வீட்டில இப்போ ஓடுறது கீசர் மாத்திரம்தான்" என்றார். பிள்ளையோடு அவர் வீட்டுக்குப் போய் ஹாலில் இருந்த கீசர் சுவிட்சை அணைத்தார். இங்கே குன்றிமணி அணைந்தது. "போடுங்க அக்கா!" என்றேன். எரிந்தது. ஒரே வீடாக இருந்தபோது ஹாலில் சுவிட்ச் வைத்து, எங்கள் அறைக்கு மேலே தளத்துக்குள்ளேயே பைப்பில் கீசருக்கு ஒயர் கொண்டுபோயிருக்கிறார்கள். நடுவில் சுவர் வைத்தவர்கள் தரைக்குத்தான் சுவர் வைத்தார்கள். அக்கா காலையில் வெந்நீர் போடும்போது மட்டும் அந்த ஒயரில் கரண்ட் வரும். குளித்துவிட்டுச் சுவிட்சை அணைத்தபின் அவரே வந்து தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் டெஸ்டர் வைத்தால் எரியாது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அய்யோ தேவரே, நான் பிஸிநீரு, வெந்நீருக்கு ஆசப்பட்டு மகுவ..." என்று பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டார். அவரை நான் தேற்ற வேண்டியதாயிற்று. நல்ல கூத்து.

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காதான் சொன்னார், சுவிட்சைப் போட்டும் காட்டினார். இவர் கீசர் பியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஸ்டூல் போட்டுக் கொக்கியைக் கழற்றினார். டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். பைப்பை உடைத்துக்கொண்டு கொக்கியின் போல்ட் ஒயரின் தோலைச் சீவியிருந்தது. காய்ந்த நாளில் சும்மா இருந்திருக்கிறது, தளத்தில் ஈரம் இறங்கினதும் கசிய ஆரம்பித்திருக்கிறது. இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். கையில் அந்தக் கொக்கி. அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"இத்தன நாளு பிள்ளைய ஏங்க ஒண்ணும் செய்யல?" என்று கேட்டேன். என்னால் அதைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னார். "கரண்ட் கம்பியில குருவி உக்காருதுல்ல, அந்த மாதிரி. அவ அந்தரத்துல தொங்குனா. கரண்ட் பூமிக்கு இறங்க வழி இல்ல. தனியா கிடந்தவரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகாது." கொக்கியைக் கீழே வைத்தார். "ஈரக் காலோட யாராவது அவளத் தொட்டா அதான் வழி."

காலையில் அவள் அழும்போது ஈரக் காலோடு ஓடுகிறது யார்? வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்? அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், நானும் அவரைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளை அழுது களைத்துப்போய், அதிசயமாகப் பாயிலேயே தூங்கியது. விளக்கு வைக்கிற நேரத்தில் முழித்தது. காய்ந்த தரை, காய்ந்த பாய், பக்கத்தில் ஒரு ஒயரும் இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்து, தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டியது. நான் குனிந்தேன். அவளுக்கு ஒரு சாண் தள்ளி என் கை நின்றுவிட்டது. நகர மாட்டேன் என்கிறது.

பிள்ளை கையை நீட்டியபடியே பார்த்தது. சிரிப்பு மெல்ல மெல்லக் கோணியது.

"தூக்கு, பிள்ள அழப்போகுது" என்றார் அவர்.

"நீங்க முதல்ல தொடுங்க" என்றேன்.